இந்தியாவின் காலடியில்: பரங்கிப்பேட்டை பீட்டர்சன் அம்மையார் குறித்த நிகழ்வு ஆய்வு

1909-இல் டென்மார்க்கிலிருந்து மிஷனரி ஆசிரியையாக இந்தியாவுக்கு வந்தவர் ஆன் மேரி பீட்டர்சன். வந்து பன்னிரண்டு ஆண்டுகளில், அனுப்பிவைத்த மிஷனின் வேலையை விட்டார். அரசாங்க மானியம் வேண்டாம் என்றார். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1921 செப்டம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. சேவாமந்திர் என்ற பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

வெளிநாட்டு ஊழியத்தில் ஒருவர் தாழ்மையை எப்படிக் கற்கிறார் என்று ஆராய எத்தனையோ மிஷனரி வாழ்க்கைகள் இருக்கின்றன. கடலூர்க்காரர்களாகிய நமக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது என்பது என் எண்ணம். நம் ஊர்ப் பெயர்கள், நம் ரயில் பாதை, நம் கடற்கரை. அதைவிட முக்கியமாக, இதில் தாழ்மை என்பது குணமாக மட்டும் நின்றுவிடவில்லை. சம்பளம், அனுமதி, பாடத்திட்டம், உடை, யார் யாரிடம் போய்க் கேட்பது என்கிற அன்றாட ஏற்பாடுகளில் அது தெரிகிறது. அதனால்தான் இதை ஆராய முடிகிறது.

பின்புலம்

தென்னார்க்காட்டில் சீர்திருத்த சபை மிஷனுக்கு நீண்ட வரலாறு உண்டு. தரங்கம்பாடியிலிருந்த மிஷனரி சீகன்பால்கு 1717-இலேயே கடலூரில் பள்ளி தொடங்கினார். 1861-இல் பண்ருட்டிக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் கார்ல் ஓக்ஸ் பெத்தானியா நிலையத்தை அமைத்தார். சபைக்குள் சாதி பார்ப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோடு முறித்துக்கொண்டு வந்தவர் அவர். பிறகு டேனிஷ் மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை இந்த வழியில் வந்ததுதான்.

டேனிஷ்காரர்கள் ஆளும் இனத்தவர் அல்ல. ஆனால் ஊர்க்கண்ணுக்கு வெள்ளைத் தோல் என்றால் துரை, துரைசானி. பங்களா, சமையல்காரர், பங்கா இழுக்க ஆள், மாதச் சம்பளம் கொடுக்கிற கை. பள்ளிக்கூடத்து வாத்தியாரிலிருந்து உபதேசியார் வரைக்கும் மிஷனரியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். சம்பளம் கொடுக்கிறவரிடம் யார் போய், "அம்மா, நீங்க செய்றது சரியில்ல" என்று சொல்வார்கள்? நல்லவர், எளியவர், ஜெபிக்கிறவர் என்று பெயரெடுத்த மிஷனரிகள்கூட இந்த அமைப்புக்குள் இருந்தவரை, தம் தவறை உள்ளூர்க்காரர் வாயால் கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவாகவே இருந்திருக்கும். தனிப்பட்ட குணத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. தாழ்மையைக் கற்க விடாத சூழல் ஒன்று இருக்கிறது. அதற்குள்தான் ஒவ்வொருவரும் வந்து இறங்கினார்கள்.

பீட்டர்சன் வந்தது தென்னார்க்காட்டு டேனிஷ் மிஷனுக்கு அல்ல. வேலூரில் 1872 முதல் இருந்த, அளவில் மிகச் சிறிய வேறொரு டேனிஷ் மிஷனுக்கு. அது கிருண்ட்விக் என்ற டேனிஷ் ஆயரின் சிந்தனையில் வளர்ந்தவர்களுடையது. தாய்மொழியில், சொந்த மக்களின் வரலாற்றிலும் பாட்டிலும் ஊன்றிய கல்விதான் கல்வி என்றவர் கிருண்ட்விக். 'முதலில் மனிதர், அப்புறம் கிறிஸ்தவர்' என்று 1837-இல் கவிதை எழுதியவர். டென்மார்க்கின் கிராமத்து இளைஞர்களுக்காக அவர் கனவு கண்ட மக்கள் பள்ளிகளின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் பீட்டர்சன். ஊருக்கு வெளியே இருந்து கொண்டுவந்து நடுகிற கல்வியின் மேல் அவருக்கு இயல்பாகவே ஐயம் இருந்தது. அந்த ஐயத்தைத் தன் சொந்த வேலையின் மேலேயே திருப்பிப் பார்த்தார். எல்லாரும் செய்கிற காரியமல்ல அது.

முதல் திருப்பம்: கட்டுவதற்கு முன் போய்ப் பார்த்தது

பெண்கள் பள்ளி ஒன்று தொடங்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. பணமும் கட்டட வரைபடமும் இருந்தால் அன்றைக்கு மிஷனரிகள் வழக்கமாகச் செய்தது, இடம் வாங்கி, சுவர் எழுப்பி, பிள்ளைகளைத் தேடுவது. இவர் முதலில் இந்தியாவைச் சுற்றினார். இந்தியர்களே நடத்துகிற பள்ளிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போனார். அப்படிப் போன வழியில், 1917 ஜனவரியில், அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார். அன்றைக்குக் காந்தி நாடறிந்த தலைவர் அல்ல. சம்பாரண் போராட்டமே இன்னும் தொடங்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆன ஒருவர், சிறு கூட்டத்தோடு கைவேலையும் ஜெபமுமாக நடத்திவந்த இடம் அது. பெயருக்காகப் போனார் என்று சொல்ல முடியாது.

கூடப் போனவர் எஸ்தர் ஃபேரிங். வயதில் இளையவர், திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் சங்கத்தின் வேலையில் இருந்தவர்.

ஆசிரமத்தில் யாரும் இந்த இருவரிடமும் உதவி கேட்கவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மிஷனரி வாழ்க்கையில் எந்த வாசலில் போய் நின்றாலும் எதிரே இருப்பவருக்கு ஏதோ ஒன்று தேவைப்படும்: மருந்து, வேலை, சிபாரிசுக் கடிதம். இங்கே தேவை அவர்கள் பக்கம் இருந்தது. விருந்தாளிகளாக, ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, பிறர் வகுத்த நேரத்துக்கு எழுந்து, பிறர் ஜெபிக்கும்போது அமைதியாக இருக்க வேண்டிய இடம். கர்த்தர் சீஷர்களின் கால்களைக் கழுவிய இரவில் பேதுரு தடுமாறியது எங்கே என்று யோவான் எழுதியிருப்பதை நினைத்துப் பாருங்கள். குனிந்து பிறர் காலைக் கழுவச் சொன்னால் பேதுரு உடனே செய்திருப்பான். தன் காலை நீட்டிக் காட்டத்தான் அவனால் முடியவில்லை.

இரண்டாம் திருப்பம்: கடிதம்

1920-இல் பீட்டர்சன் காந்திக்கு எழுதிய கடிதம் ஒன்றைக் காந்தி தன் 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டார். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியிருந்த நேரம். இந்த ஆய்வின் நடுத்தூண் அந்தக் கடிதம்தான்.

அதில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இந்தியாவின் காலடியில் என்னைப் போட்டுவிட்டேன் என்கிறார். உடனே, கிறிஸ்து ஒருவரே என் இருப்பிடம், அவருடைய பாதத்தைப் பற்றிக்கொண்டு, கிறிஸ்தவர்களாகிய நாங்கள் இந்தியாவில் எங்கள் நடத்தையால் செய்துவந்ததுபோல அவரை நானும் இழிவுபடுத்திவிடக் கூடாதே என்று கண்ணீரோடு ஜெபிக்கிறேன் என்கிறார். நாம் அவருடைய நாமத்துக்கு உண்மையாக இருந்திருந்தால் இந்த உலகத்து அதிகாரங்களுக்கு முன் குனிந்திருக்க மாட்டோம், ஏழைகள் பக்கமும் ஒடுக்கப்பட்டவர்கள் பக்கமுமே நின்றிருப்போம் என்றும் எழுதுகிறார்.

இரண்டு காலடிகளும் ஒரே மூச்சில் வருவதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மேலோட்டமாகப் படிக்கிறவர்கள் இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தேசியப் பக்கம் நிற்பவர்கள், பாருங்கள், ஒரு மிஷனரியே மனம் மாறிவிட்டார் என்பார்கள். சபைப் பக்கம் நிற்பவர்களில் சிலர், விசுவாசத்தில் தளர்ந்துபோனவர் என்று ஒதுக்குவார்கள். கடிதத்தில் தளர்ச்சி இல்லை. கிறிஸ்துவைப் பற்றிக்கொண்ட பிடி இறுகியிருக்கிறது. கிறிஸ்துவின் பெயரில் தனக்கு வந்து சேர்ந்திருந்த அதிகாரத்தின் மேல்தான் பிடி விடுபட்டிருக்கிறது. தொடங்கிய பள்ளியையும் கிறிஸ்தவப் பள்ளி என்றே சொன்னார், மறைக்கவில்லை. காந்தியும் அதைத் தெரிந்துதான் வந்து கல் நாட்டினார்.

'பிறரை மதிப்பது என்றால் என் விசுவாசத்தைக் கொஞ்சம் தணித்துக்கொள்ள வேண்டும்' என்று நினைக்கிற நல்ல மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'என் விசுவாசம் உறுதியானது என்றால் நான் குரலை உயர்த்த வேண்டும்' என்று நினைக்கிறவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். பீட்டர்சனின் கடிதம் இரு சாராரையும் கேள்வி கேட்கிறது.

விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மானியம் வாங்கும் பள்ளிக்கு அன்று இன்ஸ்பெக்டர் வருவார், அரசாங்கப் பாடத்திட்டம் வரும், பரீட்சை வரும், அதோடு ஒரு மரியாதையும் வரும். மானியம் இல்லாத பள்ளியில் படித்த பெண்ணுக்குச் சர்க்கார் வேலைக்கான வழி அடைபடும். போதாததற்கு, முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர் அல்லாத மிஷனரிகள் அரசாங்கத்துக்கு எதிராக எதையும் செய்வதில்லை என்று உறுதிமொழி கொடுத்தால்தான் இங்கே தங்க முடியும் என்ற நிலை. அந்தச் சூழலில் காந்தியை அழைத்து அடிக்கல் நாட்ட வைப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று சொல்லத் தேவையில்லை. தாழ்மையும் துணிச்சலும் ஒரே ஆளிடம் ஒரே செயலில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

காந்தி பரங்கிப்பேட்டைக்கு வந்துபோன சில நாட்களிலேயே, செப்டம்பர் 22 அன்று மதுரையில், முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஒரே தமிழ்நாட்டுப் பயணத்தில் நடந்தவை இவை.

பரங்கிப்பேட்டையில்

ஊரைத் தேர்ந்ததும் யோசிக்க வேண்டிய ஒன்று. மஹ்மூத் பந்தர் என்ற பழைய பெயரும் உள்ள ஊர். மரைக்காயர்களும் மீனவர்களும் வாழ்கிற துறைமுகம். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவராக வந்து பண்டகசாலை போட்டுப் போன இடம். 1781-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய களம். பெயரிலேயே பரங்கி இருக்கிற ஊர். வந்த வெள்ளையர் எல்லாரும் எதையாவது ஏற்றிக்கொண்டு போகவே வந்த அந்தக் கரையில் ஒரு டேனிஷ் பெண் கதர்ப் புடவை கட்டிக்கொண்டு குடியேறினார்.

பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கும் கைத்தொழிலுக்கும் முதலிடம். ராட்டையும் கதரும் அன்றாடம். இதைச் சும்மா ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. ராட்டையில் நூற்கப் பழகிய எவருக்கும் தெரியும்: வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை பஞ்சுப் பட்டையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுப்பு கொஞ்சம் வேகமானால் இழை மெலிந்து அறுந்துவிடும்; கொஞ்சம் தாமதித்தால் முறுக்கு ஏறிச் சுருண்டுகொள்ளும். அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, பட்டையோடு ஒட்டி, மறுபடி சுற்ற வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணின் விரல் இதை வாரக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். நாற்பதைத் தொட்டவரின் விரலுக்கு அது லேசில் வராது. தலைமையாசிரியை தரையில் உட்கார்ந்து நூற்கிற பள்ளியில், கையில் நூல் அறுபடுவதைப் பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள். அவர்களுக்குக் கைவந்தது அவருக்கு வராத ஒரு வகுப்பு நாள்தோறும் நடக்கும். 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினாரே, அதே பாடம்தான். ஆனால் சீகன்பால்கு எழுத்தைக் கற்றபின் எழுந்து பிரசங்கிக்கப் போனார். பீட்டர்சன் அந்தத் தரையையே பள்ளியின் அமைப்பாக வைத்துக்கொண்டார்.

எஸ்தர் கொடுத்த விலை

எஸ்தரின் பாதை இன்னும் கடினமானது. காந்தி அவரைத் தன் மகளாகவே நினைத்து 'என் அருமைக் குழந்தாய்' என்று கடிதம் எழுதிவந்தார். மிஷன் சங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரமத்துக்குப் போகக் கூடாது என்றது. கடைசியில் சங்கத்தை விட்டு விலகி, சிறிது காலம் சாபர்மதியில் இருந்தார். பிறகு மலையாளியான மேனனை மணந்தார். ஓர் ஐரோப்பியப் பெண் இந்தியரை மணப்பது இரு பக்கமும் புருவத்தை உயர்த்திய காலம். பின்னாளில் இருவரும் பரங்கிப்பேட்டையிலும் பணியாற்றினார்கள். பீட்டர்சனுக்கு ஒரு பள்ளி இருந்தது, டென்மார்க்கில் நண்பர்கள் வட்டம் இருந்தது. எஸ்தர் கையில் அதிகம் எதுவும் இல்லாமல்தான் வெளியே வந்தார். இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் இரண்டாவதாக வருவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர்

தாழ்வு நேர்வதும் தாழ்மை கற்பதும் ஒன்றுதானா என்ற கேள்விக்குக் கடலூரிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. சுவீடனைச் சேர்ந்த கியர்நாண்டர் 1740-இல் கடலூருக்கு மிஷனரியாக வந்தார். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் இங்கே உழைத்தார். 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த ஆண்டே கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு செல்வந்த விதவையை மணந்து பெரும் வசதியோடு வாழ்ந்தார். பெரும்பகுதி தன் சொந்தப் பணத்திலேயே 1770-இல் தேவாலயம் கட்டி முடித்தார். 1787-இல் திவாலானார். கடனுக்காகத் தேவாலயமே ஏலத்துக்கு வரும் நிலை வந்து, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் பணம் கட்டி அதை மீட்டார். கியர்நாண்டர் டச்சுக்காரர்களின் சின்சுராவுக்குப் போய், 1799-இல் வறுமையில் இறந்தார்.

அவரை நான் எள்ளளவும் குறைத்துப் பேச மாட்டேன். தன் பணத்தை ஆலயத்துக்குக் கொட்டியவர் அவர். ஆனால் அவருக்கு வந்த தாழ்வு வெளியிலிருந்து வந்தது: படை வந்தது, கடன்காரர் வந்தார்கள். பீட்டர்சன் இழந்தவையோ அவரே கையை விரித்து விட்டவை. வெளிநாட்டு ஊழியத்தில் நோய், தனிமை, விசா மறுப்பு, பணத் தட்டுப்பாடு எல்லாம் வரும். அவை தாமாகவே ஒருவரைத் தாழ்மையுள்ளவர் ஆக்கிவிடும் என்று நம் சாட்சிக் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். கசப்புள்ளவர் ஆக்கியதையும் நாம் பார்த்திருக்கிறோமே.

இன்று போகிறவர்களுக்கு

1925 ஜூலையில் கல்கத்தாவில் மிஷனரிகள் கூட்டத்தில் பேசிய காந்தி, உங்களிடம் நான் காணாமல் தேடுவது ஏற்கும் மனமும், தாழ்மையும், இந்தியாவின் எளிய மக்களோடு ஒன்றாகிவிடும் விருப்பமும் என்றார். முதலில் சொன்னது ஏற்கும் மனம்.

நூறு ஆண்டு கழித்து இப்போது நாம் அனுப்புகிற பக்கத்தில் இருக்கிறோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் குருக்களும் கன்னியர்களும் ஐரோப்பியப் பங்குகளுக்கும் ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கும் போகிறார்கள். சீர்திருத்த சபைகளிலிருந்து நேபாளத்துக்கும் அதற்கு அப்பாலும் போகிறார்கள். அப்படிப் புறப்படத் தயாரான ஓர் இளைஞரிடம், கடலூரில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டார்: "தம்பி, அங்க போயி யாருகிட்ட கத்துக்கப் போற?" பையன் மரியாதையாகவே சொன்னான்: "ஐயா, நான் சொல்லிக்குடுக்கத்தானே போறேன்." வாத்தியார் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு பீட்டர்சன் கதையைச் சொன்னார். அந்தப் பையன் கெட்டிக்காரன், உண்மையான பக்தியுள்ளவன். அவனுக்கு யாரும் அந்தக் கேள்வியை முன்பு கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நம்மவர்கள் வெள்ளையர் அல்ல என்பதால் இந்தப் பிரச்சினை நமக்கு இல்லை என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். இங்கிலீஷும் இறையியல் பட்டமும் நர்சிங் டிப்ளமாவும் மாதச் சம்பளமும் போதும், ஒரு மலைக்கிராமத்தில் நாமும் துரை ஆகிவிட. எங்கள் ஊரில் இப்படி இல்லை, உங்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று நம் வாயில் வருகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய பங்களாவின் திண்ணையில்தான் நாம் நிற்கிறோம். சாதி வேறு நம்மோடு விமானம் ஏறுகிறது. ஓக்ஸ் எந்தக் காரணத்துக்காகத் தன் மிஷனை முறித்துக்கொண்டாரோ அது முடிந்துபோன விஷயமல்ல.

அதனால் அனுப்புகிற சபைகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். முதல் ஆண்டு முழுவதும் போனவருக்குப் பொறுப்போ, கையெழுத்து அதிகாரமோ, பணப் பெட்டியோ கொடுக்காதீர்கள். அந்த ஊர்ச் சபையின் மூப்பர் ஒருவருக்கு அவர் கட்டுப்பட்டு இருக்கட்டும். அறிக்கை எழுதும்போது எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்று கேட்கிற இடத்தில், இந்த மாதம் உங்களை யார் திருத்தினார்கள், எதற்காக என்று கேளுங்கள். பீட்டர்சன் பள்ளி கட்டும் முன் நாட்டைப் போய்ப் பார்த்தது தனி ஒருவரின் நல்ல மனசால் நடந்தது. அதை ஏற்பாடாக ஆக்கிவிட்டால் நடுத்தர மனசு உள்ளவர்களும் கற்றுக்கொள்ள வழி பிறக்கும்.

இந்த ஆய்வின் குறை

பீட்டர்சன் 1951-இல் இறந்தார். அதுவரை சேவாமந்திரின் முகம் அவரேதான். அரசாங்கத்திடம் கை நீட்டாத பள்ளி டென்மார்க்கு நண்பர்களின் பணத்தைச் சார்ந்திருந்தது. இந்தியாவின் காலடியில் விழுந்த பிறகும் பணம் வருகிற திசை மாறவில்லை. இது அவர் மேல் குற்றமாகாது. ஆனால் அவரைப் புனிதராக்கி மாலை போடுகிற அவசரத்தில் இதை மறைத்தால் பின்னால் போகிறவர்களுக்கு உதவாது.

இன்னொன்று இதைவிடக் கனமானது. மேலே நான் பயன்படுத்திய சான்றுகள் எல்லாம் அவர் எழுதியது, காந்தி எழுதியது, எழுதத் தெரிந்த பெரியவர்கள் எழுதியது. ஒருவர் தாழ்மையோடு இருந்தாரா என்பதற்கு அவருடைய கடிதம் பாதிச் சாட்சிதான். மீதிப் பாதி அவருக்குக் கீழே இருந்தவர்களிடம் இருக்கிறது. 1940-களில் சேவாமந்திரில் படித்த சிறுமிகளில் இன்று இருப்பவர்கள் தொண்ணூறை ஒட்டிய பாட்டிமார்கள். பரங்கிப்பேட்டையிலோ, சிதம்பரத்திலோ, கடலூர் முதுநகரிலோ, புதுச்சேரியிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், இந்த மாதமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அந்த அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், யாரோடு சாப்பிட்டார்? மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகளும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தார்களா? தமிழ் தப்பாகப் பேசினால் சிரிக்க விட்டாரா? கோபப்பட்டு அடித்திருந்தால், பிறகு வந்து மன்னிப்புக் கேட்டாரா?